வெளிநாட்டுப் பிரஜாவுரிமை பெற்ற சகோதரர்களே, ஊரில் பிறர் பெயரில் வீடு வாங்காதீர்கள்!

பல்லேகல கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி மஹியங்கனை வீதியில் கொஞ்சத் தூரம் போனால், ஒரு குறுக்கு வீதியில் மூன்று அறைகளோடு ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்கு முழுப் பணமும் கொடுத்தவர் என் சாச்சாவின் இளைய மகன். ஆனால் இன்றைய நிலையில் உறுதிப்படி பார்த்தால், அதில் அவருக்குச் சேரும் பங்கு இருபத்துநான்கில் ஒன்று மட்டுமே.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் இங்கிலாந்துக்குப் போய் இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அங்கே பிரித்தானியப் பிரஜாவுரிமை எடுத்தார். கடைசிக் காலத்தில் ஊரில் வந்து இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் நடந்ததெல்லாம் தெரிந்திருந்தும், பிறந்த மண் என்று இந்தப் பகுதியையே விரும்பினார். வீட்டைப் பேசி முடித்த பிறகுதான் நொத்தாரிசு கேட்டார்: "உங்களிடம் இலங்கைப் பிரஜாவுரிமை இருக்கிறதா?" இல்லை. "அப்படியென்றால் உங்கள் பெயரில் உறுதி எழுத முடியாது."

வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற அவசரத்தில், கண்டியில் இருந்த தன் நானாவின் பெயரில் உறுதியை எழுதினார். கூடப்பிறந்தவர்தானே என்று கையெழுத்து வாங்கவில்லை, சாட்சியும் வைக்கவில்லை. பணத்தில் ஒரு பகுதி உண்டியலில் வந்ததால் அதற்கு வங்கிப் பதிவும் இல்லை. நான்கு வருடங்களில் நானா மாரடைப்பில் மௌத்தானார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இலங்கையில் ஒரு முஸ்லிம் மரண சாசனமின்றி மரணித்தால், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமின்மை வழியுரிமைச் சட்டத்தின்படி, அவருடைய மத்ஹபின் பராயிழ் சட்டமே சொத்தைப் பிரிக்கிறது. நானாவுக்கு மனைவியும் இரண்டு மகள்மாரும் இருக்கிறார்கள். ஆண் பிள்ளை இல்லை. சாச்சா முன்பே மௌத்தாகிவிட்டார், சாச்சி ஹயாத்தாக இருக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்மார் இருவருக்கும் மூன்றில் இரண்டு, தாய்க்கு ஆறில் ஒன்று. இருபத்துநான்கு பங்கில் இருபத்துமூன்று போய்விட்டது. மிஞ்சிய ஒரு பங்கு ஒரே சகோதரருக்கு. அந்த வீட்டுக்கு முழுப் பணமும் கொடுத்தவர் அவர்தான்.

மார்க்கப்படி அந்த வீடு நானாவிடம் இருந்த அமானிதம், வாரிசுச் சொத்து அல்ல என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மதினியும் மறுக்கவில்லை. "எங்கட சாமான் இல்லாததை நாங்க வெச்சிருக்க மாட்டம்" என்றுதான் சொல்கிறார். ஆனால் அவர் நினைத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மகள்மார் இருவரும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள். மைனர் பிள்ளைகளின் காணியை மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியின்றி எழுதிக்கொடுக்க முடியாது. பிள்ளைகளுக்கு அதனால் என்ன நன்மை என்றே நீதிமன்றம் கேட்கும்.

1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து, உறுதி இன்னொருவர் பெயரில் இருந்தால், பெயரில் உள்ளவர் பணம் கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்கிறார் என்று வாதாடலாம். ஆனால் அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். தவிர, அந்த நேரத்தில் அவர் காணி வாங்க முடியாத வெளிநாட்டவர் என்பதே அவருக்கு எதிராக எழும் முதல் கேள்வியாக இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், 2013 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகும் வகையில், வெளிநாட்டவருக்குக் காணியின் உரித்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. மீறி எழுதினால் அந்த உரித்து மாற்றம் செல்லாது. அதற்கு முன்னர் வெளிநாட்டவர் வாங்கலாம், ஆனால் பெறுமதியின் 100 சதவீதத்தை வரியாகக் கட்ட வேண்டியிருந்தது. விக்டோரியா அணை கட்டிய காலத்தில் பிரித்தானியப் பொறியியலாளர்கள் திகனயில் குடியிருந்தார்கள். இன்றும் ரஜவெல்ல பக்கம் வெளிநாட்டவர்கள் இருக்கிறார்கள். பிரித்தானியப் பாஸ்போர்ட் மட்டுமே வைத்திருக்கும் நம் சகோதரரையும் அவர்களையும் இந்தச் சட்டம் ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. ஊரில் பிறந்தவர், இங்கே படித்தவர், வாப்பாவின் கபுறு இங்கே இருக்கிறது என்பதெல்லாம் உறுதியில் எழுதப்படுவதில்லை.

ஆகவே வீடு பார்க்கும் முன் உங்கள் நிலை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சவூதி, கட்டார், குவைத் போன்ற நாடுகளில் வேலை செய்பவர்கள் வீணாகப் பயப்பட வேண்டாம். வேலை விசாவோ, அவுஸ்திரேலியா போன்ற நாட்டின் நிரந்தர வதிவிட உரிமையோ உங்கள் இலங்கைப் பிரஜாவுரிமையைப் பறிப்பதில்லை. உங்கள் பெயரிலேயே வாங்கலாம். வர முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுத்து, உறுதியை உங்கள் பெயரிலேயே எழுதலாம்.

வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுக்கப் போகிறவர்கள், எடுப்பதற்கு முன்பே இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம். நாமாக விரும்பி இன்னொரு நாட்டின் பிரஜையானால் இங்குள்ள உரிமை போய்விடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஏற்கெனவே இழந்தவர்கள் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கலாம். வயது, கல்வித் தகைமை, இலங்கையிலுள்ள சொத்து அல்லது வைப்பு என்று பல அடிப்படைகள் உண்டு. அது கிடைத்த பின் காணி வாங்க இந்தச் சட்டம் தடையில்லை. கிடைக்கும் வரை வாடகைக்கு இருக்கலாம், அல்லது குத்தகைக்கு எடுக்கலாம். குத்தகை 99 வருடம் வரை போகலாம். முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே வங்கி வழியாக வந்தால், அடுக்குமாடித் தொடரில் ஒரு வீடு வாங்கவும் இடமுண்டு.

வாப்பா, உம்மாவின் சொத்தில் வாரிசாக வரும் பங்கைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளிநாட்டவரான நெருங்கிய உறவினருக்கு வாரிசுரிமைப்படி சேரும் காணிக்கு இச்சட்டம் விலக்களிக்கிறது.

ஏற்கெனவே யாருடைய பெயரிலாவது வாங்கி வைத்திருக்கிறீர்களா? இன்றே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். பணம் அனுப்பிய வங்கிப் பத்திரங்களை ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள். பெயரில் இருப்பவர் தன் மனைவி, பிள்ளைகளிடம் சாட்சிகளோடு உண்மையைச் சொல்லி வைக்கட்டும். இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்து, அவர் ஹயாத்தோடு இருக்கும்போதே உறுதியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் வாங்குபவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணியை சாதாரண உறுதிக் காணி போல விற்க முடியாது. அது எந்த வகைக் காணி என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். கண்டி மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். ஆகவே சரிவான காணியானால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். முத்திரை வரியாக முதல் ஒரு லட்சம் ரூபாவுக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அதை ஓதுகிறோம், ஆனால் கூடப்பிறந்தவரிடம் எழுதிக் கேட்பது வெட்கம் என்று நினைக்கிறோம். எழுதி வைப்பது சந்தேகத்தால் அல்ல. நாளை நாம் இல்லாதபோது நம் பிள்ளைகளும் நம் சகோதரரின் பிள்ளைகளும் கோட்டுப் படியில் ஒருவரையொருவர் பார்த்து நிற்கக் கூடாது என்பதற்காக.

என் சாச்சாவின் மகன் இப்போது இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். மூத்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதாக இன்னும் மூன்று வருடங்கள் இருக்கின்றன, இளையவளுக்கு எட்டு வருடங்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மதினி போய் ஜன்னல்களைத் திறந்து, முற்றத்தைக் கூட்டிவிட்டு வருகிறார்.