கம்பளிக்குள் காய்ச்சல்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் புல்வெளியெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, மேலே கம்பளி என்று பொதிந்துவிடுவார்கள். பாட்டிகளைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைதான் நடுங்குகிறதே! உடம்பு கொதிக்கையில் நடுக்கம் எதற்கு?

மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், உடற்சூட்டை 98.6 பாரன்ஹீட்டை ஒட்டி நிறுத்தி வைக்கிறது. கிருமி நுழைந்தால் ப்ராஸ்டாகிளாண்டின் சுரந்து அந்த இலக்கை, உதாரணமாக 102-க்கு, ஏற்றிவிடும். உடம்போ இன்னும் 99-இல். மூளையின் கணக்கில் அது குளிர். தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், கைகால் சில்லிடும், தசை நடுங்கிச் சூடு உண்டாக்கும். இலக்கை எட்டியதும் நடுக்கம் நின்றுவிடும். அப்புறமும் கம்பளி கிடந்தால் சூடு வெளியேற வழியில்லை. நடுங்கும்போது ஒரு போர்வை போதும். நின்றதும் அதையும் விலக்கி, மெல்லிய உடுப்போடு விடலாம். ஐஸ் தண்ணீரில் துடைத்தால் நடுக்கம் திரும்பி வரும்.

பாராசிட்டமால் ப்ராஸ்டாகிளாண்டினைக் குறைத்து இலக்கை இறக்குகிறது, கிருமியைத் தொடுவதில்லை. 101-இலும் ஓடி விளையாடும் பிள்ளையைப் பிடித்து மருந்து புகட்டுவானேன்? சோர்ந்து முனகினால் கொடுக்கலாம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரமாவது போக வேண்டும். சிக்கல் பாட்டிலில்தான். சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் உண்டு, 250-உம் உண்டு. சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100. அண்ணனின் பாட்டிலைத் தம்பிக்கு எடுக்குமுன் லேபிளைப் படியுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

தடுப்பூசியாலும் காய்ச்சல் வரலாம். குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் முத்தடுப்பு ஊசி மருந்தும் தயாரித்திருக்கிறது. அந்த ஊசி போட்ட இரவு வரும் காய்ச்சல், உடம்பு பாடம் படிக்கத் தொடங்கியதன் அடையாளம். ஓரிரு நாளில் தணியும். ஆனால் மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 100.4 தொட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். எந்த வயதானாலும் பால் குடிக்காவிட்டால், மூச்சு இரைத்தால், சிறுநீர் குறைந்தால், எழுப்பியும் விழிக்காவிட்டால் காத்திருக்கக் கூடாது. எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்கள் பனிமூட்டம் இறங்குமுன் கிளம்புவது நல்லது. இருட்டில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஊர்ந்துதான் போகும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வரும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். முதல் வலிப்பு என்றால், நின்ற பிறகும் டாக்டர் பார்த்தாக வேண்டும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. பெரும்பாலும் சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் வலிப்பு தானே அடங்கிவிடுகிறது. பெயர் மட்டும் சாவிக்கு.