செம்பாறை நாட்டிற் பிரயாணம்

பாலை என்றவுடன் அலையலையாகக் கிடக்கும் மணற்பரப்பும் ஒட்டகமுமே பலருடைய மனக்கண்ணிற் தோன்றுகின்றன. பழந்தமிழ்ப் புலவர் கண்ட பாலையோ அத்தகையதன்று. முல்லையும் குறிஞ்சியும் மழை வறந்து, வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையையே அவர்கள் பாலை என்றனர். ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கே, யூற்றா, அரிசோனா ஆகிய மாநிலங்களிற் பரந்து கிடக்கும் செம்பாறை நாடு இந்த இரண்டாவது வகைக்கே நெருங்கியது. அங்கே மலையுண்டு, மரமுண்டு, ஆறுமுண்டு, மழைதான் அரிது.

ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியிற் பெரும் மணற்காடு ஒன்று இருந்தது. காற்றுக் குவித்த மணற்குன்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதையுண்டு, இறுகி, மணற்கல்லாயின. மணலைப் போர்த்திருந்த இரும்புத் துருவே கல்லுக்குச் செந்நிறம் தந்தது. சீயோன் பூங்காவின் பாறைச் சுவர்களில் இன்றும் சாய்ந்த கோடுகளைக் காணலாம். அவை அன்றைய குன்றுகளின் சரிவுகளேயாம். பின்னர் நிலம் மேலெழுந்தது. ஆறுகள் அதனை அறுத்தன. ஆகவே, நீரில்லா நாடு என்று பேர்பெற்ற இந்நாட்டின் பள்ளத்தாக்குகள் நீராலேயே செதுக்கப்பட்டவை. எந்த மாதத்திற் போவது, எவ்வழியில் நடப்பது, எதனைச் சுமப்பது என்பனவெல்லாம் அந்த நீரைப் பொறுத்தே தீர்மானிக்கப்பட வேண்டியவை.

யூற்றாவில் மட்டும் ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. சீயோன் 1919 இலும், பிரைஸ் கன்யன் 1928 இலும், கன்யன்லாண்ட்ஸ் 1964 இலும், ஆர்ச்சஸும் கப்பிட்டல் ரீப்பும் 1971 இலும் அந்த நிலையைப் பெற்றன. சீயோன் என்னும் பெயர் அங்குக் குடியேறிய மோர்மன் சமயத்தார் விவிலியத்திலிருந்து எடுத்து இட்டது. இவ்வைந்தையும், அரிசோனாவிலுள்ள கிராண்ட் கன்யனையும் ஒரே வாரத்திற் பார்த்துவிடலாம் என்று புறப்படுவோர் பலர். தேசப்படத்தில் இரு விரற்கடையாகத் தெரியும் தூரம் நிலத்தில் ஒரு முழுப்பகலை விழுங்கிவிடும். சீயோனிலிருந்து பிரைஸ் சுமார் 85 மைல். பிரைஸிலிருந்து, ஆர்ச்சஸ் பூங்காவுக்கு அயலேயுள்ள மோவாப் நகரம் சுமார் 270 மைல். கன்யன்லாண்ட்ஸ் பூங்காவையோ கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் கூறுபோடுகின்றன. பூங்காவினுள் அவ்வாறுகளுக்குப் பாலமில்லை. ஒரு கூற்றிலிருந்து மற்றதற்கு மோட்டார் வண்டியிற் சுற்றிச் செல்ல இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். ஒரு வாரமே உடையவர்கள் மூன்று பூங்காக்களோடு அமைவதே நன்று. ஆறையும் வண்டியின் சன்னலூடாகப் பார்ப்பதிலும் மூன்றைக் காலால் நடந்து காண்பது மேல்.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏப்பிரில், மே மாதங்களும், செப்டெம்பர் கடைசியும் ஒக்டோபரும் உகந்தவை. யூலை மாதத்திற் சீயோன் பள்ளத்தாக்கின் வெப்பம் 38 பாகை செல்சியசுக்கு மேற் செல்வது சாதாரணம். ஆனால் பிரைஸின் விளிம்போ 8,000 அடிக்கு மேலுள்ளது. வசந்தத்திலும் இரவில் அங்கு நீர் உறையும். பாறை வெடிப்புகளில் உறைந்து விரியும் அந்த நீரே அங்குள்ள ஆயிரக்கணக்கான செங்கற்றூண்களை உளிபோற் செதுக்கியது. ஆதலின் ஒரே பெட்டியில் மெல்லிய பருத்தியாடையும் கம்பளியாடையும் இருத்தல் வேண்டும்.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வெயிலில் நடப்பவருக்குச் சட்டை நனைந்து, உடல் இழந்த நீரின் அளவைக் காட்டிக்கொடுக்கும். செம்பாறை நாட்டின் காற்று உலர்ந்தது. வியர்வை தோன்றிய கணமே ஆவியாகிவிடும். தோல் உலர்ந்திருப்பதைக் கண்டு, தமக்கு வியர்க்கவில்லை என்று பிரயாணி எண்ணிக்கொள்வார். ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் நீர் வேண்டுமென்று பூங்கா அதிகாரிகள் சொல்வது இதனாலேயே. நீரை மட்டும் குடித்து உணவை மறப்பதும் கேடு. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், உப்பிட்ட கடலை போன்றவற்றை இடையிடையே உண்ண வேண்டும். கிராண்ட் கன்யனில் இன்னுமோர் இடர் உண்டு. மலையேறுபவர் களைத்தால் இறங்கிவிடலாம். இங்கோ இறக்கம் முதலிலும் ஏற்றம் கடைசியிலுமாக அமைந்துள்ளன. அன்றியும் விளிம்பிலும் பார்க்க அடித்தளத்தில் வெப்பம் ஏறத்தாழ 11 பாகை அதிகம். ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி மீள முயலவேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரிப்பது வெறும் பயமுறுத்தலன்று.

நீரின்மையைப் போலவே நீரும் உயிர் கொள்ளும். யூலை நடுப்பகுதி முதற் செப்டெம்பர் நடுப்பகுதி வரை அங்கே இடிமழைக் காலம். வெறும் பாறை மழையை உறிஞ்சுவதில்லை. பரந்த நிலத்தில் விழுந்த நீர் முழுவதும் திரண்டு, ஒரு மனிதன் இருகையாலும் இருபுறமும் தொடக்கூடிய இடுக்குகளினூடே பாயும். மேலே வானம் நீலமாகவே இருக்கலாம். 1997 ஆகஸ்ட் 12 ஆம் நாள் அரிசோனாவின் அன்ரிலோப் இடுக்கில் நிகழ்ந்தது இதுவே. மழை பெய்தது பல மைல்களுக்கு அப்பால்; வெள்ளம் வந்தது இடுக்கினுள் நின்றவர்மேல்; 11 பேர் மாண்டனர். 2015 செப்டெம்பர் 14 ஆம் நாள் சீயோனிலுள்ள கீஹோல் இடுக்கில் 7 பேர் இறந்தனர். வெள்ளம் வரலாம் என்ற அறிவிப்பு அன்று முன்னரே வெளியாகியிருந்தது. சீயோனின் நரோஸ் என்னும் ஒடுக்கத்திற் சுவர்கள் ஆயிரம் அடி உயர, ஆற்றினுள்ளேயே நடக்க வேண்டும். வெள்ள எச்சரிக்கை வந்தாலும், ஆற்றோட்டம் செக்கனுக்கு 150 கன அடியைத் தாண்டினாலும் அதனை மூடிவிடுவர். ஆகையால் அங்கு நடக்க நாட் குறிப்பவர் வேறொரு நாளையும் கையிருப்பாக வைத்திருத்தல் வேண்டும். ஒரே நாளை நம்பி வந்தவரே எச்சரிக்கையை அலட்சியம் செய்யத் தூண்டப்படுகிறார்.

அன்ரிலோப் இடுக்கு நவாஹோ மக்களின் நிலத்திலுள்ளது. அவர்களுடைய வழிகாட்டியின்றி எவரும் உட்செல்ல இயலாது. கடிகார விடயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோடையில் நவாஹோ நிலத்தார் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவர். அரிசோனாவின் ஏனைய பகுதியினர் தள்ளுவதில்லை. இடுக்கிற்கு அயலேயுள்ள பேஜ் நகரம் அரிசோனா நேரத்தையே பின்பற்றுகிறது. முன்பதிவு செய்தவர் எந்த நேரம் குறிக்கப்பட்டதெனக் கேட்டறியாவிடின் ஒரு மணி நேரம் பிந்திச் சென்று ஏமாற நேரலாம். சீயோனில் ஏஞ்சல்ஸ் லாண்டிங் முகட்டுக்கு 2022 ஏப்பிரில் முதல் குலுக்கல் முறையிலேயே அனுமதி வழங்கப்படுகிறது. இவையெல்லாம் புறப்படுமுன் வீட்டிலிருந்தே முடிக்க வேண்டிய காரியங்கள். கைத்தொலைபேசி பல இடங்களில் இயங்காது. கடதாசியில் அச்சிட்ட படமொன்றைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது.

பாதையோரத்திற் கருநிறமாய், பொருக்கு வெடித்தாற்போற் தோன்றும் மண்ணை மிதிக்கலாகாது. நுண்ணுயிர்களும் பாசியும் பின்னிப் பிணைந்த உயிருள்ள மேற்றோல் அது. மண்ணைக் காற்று அள்ளாமலும், பெய்த சிறிது மழை வீணே ஓடிவிடாமலும் காப்பது அதுவே. ஒரு காலடித் தழும்பு ஆறப் பல பத்தாண்டுகள் செல்லும். வெறும் பாறைமேலோ வழித்தடத்திலோ நடப்பவர்க்கு இத்தொல்லை இல்லை.

ஆர்ச்சஸ் பூங்காவின் டெலிகேற் வளைவை அந்திச் செவ்வொளியிற் காணவே பெரும்பாலோர் விரும்புவர். போய் மீள மூன்று மைல், வழியில் நிழலில்லை. பெரும்பகுதி வழுவழுப்பான பாறைச் சரிவு. சிறு கற்குவியல்களே வழி காட்டும். கதிரவன் மறைந்தபின் அக்கற்குவியல்கள் கண்ணுக்குத் தெரியா. எனவே நீர்ப்போத்தலுடன் மின்சூள் ஒன்றும் கையிலிருக்க வேண்டும்.