தோல் வழியே செல்லும் ஹார்மோன் மருந்து: அறிய வேண்டியவை, காக்க வேண்டியவை

மாதவிடாய் நின்றபின் உடல் திடீரெனத் தகிப்பதும், இரவில் வியர்த்து உறக்கம் கெடுவதும் பல பெண்களுக்கு நேர்கின்றன. இத்தொல்லை மிகும்போது, சிலருக்கு எஸ்ட்ராடையால் என்னும் ஹார்மோனைத் தோலில் தடவும் ஜெல்லாக மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. ‘மாத்திரையாக விழுங்கினால் போதாதா?’ என்ற ஐயம் எழுவது இயல்பே.

விழுங்கிய ஹார்மோன் குடலிலிருந்து முதலில் கல்லீரலை அடைகிறது. அங்கே அதன் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. இரத்தத்தை உறையச் செய்யும் சில புரதங்களும் அதனால் மிகுகின்றன. தோல் வழியே செல்லும் மருந்தோ நேரே இரத்தத்தில் கலக்கிறது. எனவே இரத்த உறைவு ஏற்படும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு.

எனினும், தோல் எளிதில் வழிவிடுவதில்லை. அதன் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கற்களாகவும், கொழுப்புப் பொருள்கள் அவற்றை இணைக்கும் சாந்தாகவும் அமைந்துள்ளன. எண்ணெய் தேய்த்த உடலில் நீர் உருண்டோடுவதுபோல், நீரில் மட்டும் கரையும் பொருள்கள் அங்கே தடைபடுகின்றன. கொழுப்பில் கரையும் பொருள்களே ஓரளவு ஊடுருவுகின்றன.

ஆகவே மருந்தைக் கொழுப்பிலேயே ஏற்றி அனுப்ப அறிஞர்கள் முயன்றனர். 1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்கம், சிலவகைக் கொழுப்புகள் நீரில் நுண்குமிழிகளாகத் தாமே உருப்பெறுவதைக் கண்டறிந்தார். லிப்போசோம் எனப்படும் இக்குமிழிகளிலிருந்து பலவகை மருந்தூர்திகள் உருவாயின. சோயா எண்ணெயின் நுண்துளிகளில் எஸ்ட்ராடையாலை ஏற்றிய தோல் மருந்து ஒன்றுக்கு 2003இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று பரவலாகக் கிடைக்கும் ஜெல்களில், ஆல்கஹாலே மருந்தைத் தோலுக்குள் செலுத்த உதவுகிறது.

தோலை ஊடுருவும் மருந்துக்கு யாருடைய தோல் என்ற வேறுபாடு தெரியாது. தாயோ பாட்டியோ மருந்து தடவிய கையால் குழந்தையைத் தூக்கினால், அது குழந்தையின் உடலிலும் சேரக்கூடும். எஸ்ட்ராடையால் தெளிப்பு மருந்தைப் பயன்படுத்தியோரின் தோலைத் தொட்ட சிறுவர் சிறுமியருக்கு மார்பு வளர்ச்சி கண்டதால், 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது.

ஆதலால் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• மருத்துவர் குறித்த இடத்தில் மட்டும் தடவி, உடனே கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மார்பகத்தில் தடவலாகாது.
• ஜெல் நன்கு உலர்ந்தபின் அவ்விடத்தை ஆடையால் மூடுங்கள். உலரும்வரை அடுப்பருகே செல்லாதீர்கள், ஆல்கஹால் தீப்பற்றும்.
• அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளின் கோடையில் தகரக் கூரையின் கீழும் வெயில்படும் சன்னலிலும் மருந்தை வைக்காதீர்கள். உறையில் குறித்த வெப்பநிலையைப் பார்த்து, வீட்டின் குளிர்ந்த உள்ளறையில் வையுங்கள். உறைய விடாதீர்கள்.
• கருப்பை அகற்றப்படாதவர்களுக்குப் பெரும்பாலும் புரோஜெஸ்டிரோனும் தேவை. அதை விட்டுவிட்டால் கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் உண்டாகும் அபாயம் கூடும்.

முன்பு இரத்த உறைவோ மார்பகப் புற்றுநோயோ இருந்திருந்தால், மருந்தைத் தொடங்குமுன் மறவாமல் சொல்லுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஏற்பட்டால், சிறிதளவே ஆயினும் மருத்துவரிடம் காட்டுங்கள்.