ஈயம் இல்லாத ஈயம்

வத்தல்மலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாக்கிக் கணக்கைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்த கடைக்காரரின் மகள் திடீரென்று கேட்டாள்: “சார், பென்சில்ல இருக்கறது ஈயமா? ஈயம் விஷம்னாங்க. நான் பென்சிலைக் கடிப்பேன்.”

“பயப்படாதே கண்ணு, அது கரி” என்றேன். கிராஃபைட் என்ற கரியைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டால் பென்சில் குச்சி. ஆனால் அவள் சந்தேகம் நியாயமானது. ஜெர்மன்காரர்களுக்குப் பென்சில் என்றால் ஈயக்கோல், சீனர்களுக்கு ஈயத் தூரிகை, அரபு மொழியில் ஈயப் பேனா. நாம் காரீயம் என்று சொல்வது ஈய உலோகத்தை; இலங்கைத் தமிழில் கிராஃபைட்டுக்கே அந்தப் பெயர் உண்டு.

ஏன் இந்தக் குழப்பம்? ஈயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். கிராஃபைட்டும் அப்படித்தான், மாலிப்டினைட் என்ற கனிமமும் அப்படித்தான். மூன்றும் மிருது, மூன்றிலும் ஒரு மினுமினுப்பு. கையும் கண்ணும் மட்டுமே கருவியாக இருந்த காலத்தில் அவற்றை எப்படிப் பிரிப்பது? கிரேக்கத்தில் ஈயத்துக்கு மாலிப்டோஸ் என்று பெயர். சாயலில் ஒத்தவற்றுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. 1778இல் சுவீடனில் மருந்துக்கடை வைத்திருந்த ஷீலே, மாலிப்டினைட்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டு வெள்ளைப் பொடி எடுத்தார். கிராஃபைட் அப்படிப் பொடி தரவில்லை. 1781இல் அவர் நண்பர் யெல்ம் அந்தப் பொடியிலிருந்து புது உலோகத்தைப் பிரித்தார். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். இது உருக 2,623 டிகிரி வேண்டும். உறவே இல்லை. பெயர் மட்டும் மாலிப்டினம் என்று நின்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்தவர்களின் கைரேகை அது.

அந்த மாலிப்டினைட் நம் தர்மபுரி மாவட்டத்திலேயே, அரூர்ப் பக்கம் வெங்கச்சங்கல் நரம்புகளில் சாம்பல் ஏடுகளாகப் படிந்திருக்கிறது.

தமிழில் ஈயம் இரண்டு: காரீயம், வெள்ளீயம். ரோமானியர்களும் இப்படித்தான் கறுப்பு, வெள்ளை என்று பிரித்தார்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். அதில் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து வயிற்றுக்குள் அனுப்பிவிடும். சொம்பு வாங்கும்போது இதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

“மாலிப்டினம் எதுக்கு சார்?”

எஃகை வலுவாக்க என்றேன். பிறகு வேலியில் படர்ந்திருந்த அவரையைக் காட்டினேன். அதன் வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்குகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்குள் மாலிப்டினம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் வேலை நடக்காது.

“பிடுங்கிப் பாக்கலாமா?” என்று எழுந்தாள்.

“காய்ப்பு முடியட்டும்” என்றார் அப்பா, டீயை ஆற்றியபடி.