இதழ் இல்லாமல் சிவக்கும் இமயமலைப் பூ

உங்களுக்குத் தெரியுமா?

இமயமலையில் சுமார் 3,000 மீட்டருக்கு மேல், கல்லும் புல்லுமான சரிவுகளில் பாய் விரித்தது போல் படரும் செடி ‘பெர்சிகேரியா அஃபினிஸ்’. 1825-இல் டேவிட் டான் என்ற தாவரவியலாளர் நேபாளத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் இதற்குப் பெயர் சூட்டினார். இன்று இங்கிலாந்துத் தோட்டங்களில் பாறை ஓரங்களை மூடுவது இதுதான். ‘டார்ஜிலிங் ரெட்’ என்றே ஒரு வகை விற்கிறது!

ஒரு சாண் உயரக் காம்பின் நுனியில் விரல் நீளக் கதிர். அதில் நெருக்கமாகப் பொடிப் பொடிப் பூக்கள். உற்றுப் பார்த்தால் தனியாக அல்லி இதழ் எதுவும் கிடையாது; நிறம் காட்டுவதெல்லாம் பூவின் ஒற்றை உறைதான். வெளிர் ரோஜாவாக விரிந்து, நாளாக ஆகச் சிவக்கும். அதனால் ஒரே பாத்தியில் ரோஜாவும் சிவப்பும் கலந்து நிற்கும். இலைகளும் சும்மா இருப்பதில்லை: இலையுதிர் காலத்தில் செம்பு நிறமாகி, காய்ந்த பின்பும் குளிர்காலம் முழுக்கச் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

தண்டில் கணுவுக்குக் கணு காகிதம் போன்ற மெல்லிய உறை சுற்றியிருக்கும். இந்தச் செடியின் தாவரக் குடும்பத்துக்கே அது முத்திரை. ‘பக்வீட்’ தானியமும் இதே குடும்பம்தான்.

உறவுக்காரர்கள் எல்லாரும் இவ்வளவு சாது அல்ல. உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கில் இதன் உயரமான உறவுச் செடி ஒன்று மற்றப் பூக்களை நெருக்கிவிடுகிறது என்று, வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்குகிறது.