இயங்காது நின்ற கணினி: காரணமும் பரிகாரமும்

தமிழாசிரியன் ஒருவன் மின்பொறியைப் பற்றி எழுதப் புகுந்தமை நண்பர் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். ஆசிரிய கலாசாலையில் யான் பயின்றவை தமிழும் கற்பித்தல் முறையுமே, மின்னியல் அன்று. ஆயினும் இம்மலரின் பிற்பகுதியில் அச்சாகியுள்ள பழைய மாணவர் பெயர்ப்பட்டியல் ஒருமுறை முற்றாக அழிந்துபோகும் நிலையை அடைந்திருந்தது. அது தப்பிய வரலாற்றினூடே யான் கற்றுக்கொண்டவை, வீட்டிலும் அலுவலகத்திலும் மேசைக்கணினி வைத்திருக்கும் அன்பர்க்குப் பயன்படுமென மலர்க்குழுவினர் கருதியமையால் ஈண்டு எழுதுகின்றேன்.

எமது கல்லூரியின் பழைய சேர்வுப் பதிவேடுகள் தொட்டால் உதிரும் நிலையில் உள்ளன. அவற்றிலுள்ள பெயர்களைக் கணினியில் ஏற்றும் பணியை, நூலகத்தில் இருந்து, மாணவர் இருவர் என் மேற்பார்வையில் பாடசாலை முடிந்தபின் இரண்டு ஆண்டுகளாகச் செய்து வந்தனர். சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாட் பிற்பகல், வெயில் கடுமையாக எறித்துக்கொண்டிருந்த வேளையில், திரை திடீரென இருண்டது. விசிறியின் ஓசையும் அடங்கியது. பொத்தானை அழுத்தினோம். விசிறி காற்சுற்றுச் சுற்றி மீண்டும் நின்றது. எத்தனை முறை அழுத்தினும் அவ்வளவே. பட்டியலுக்கு வேறு பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது; மாணவருடையதன்று.

பட்டினத்துக் கடையொன்றுக்குக் கொண்டு சென்றோம். பெட்டியைத் திறந்தும் பாராமலே, "தாய்ப்பலகை போய்விட்டது, புதிய கணினி வாங்குவதே நன்று, இதனை எம்மிடமே விட்டுச் செல்லலாம்" என்றார்கள். விட்டு வந்திருப்பின் இரண்டாண்டு உழைப்பும் அப்பெட்டியோடு போயிருக்கும். ஏனோ மனம் ஒப்பாது, அதனை மீண்டும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கல்லூரிக்கே கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, மின்னியற் பணியிலிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். அவர் முதலிற் கூறியது இதுதான்: "சேர், கணினி நின்றது வேறு, உள்ளே எழுதியவை அழிந்தது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி மனம் வருந்தாதீர்கள்." இக்கூற்றை வாசகர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். எழுதி வைத்தவை யாவும் வன்தட்டில் உள்ளன. அது காந்தப்பதிவு ஆதலின், மின்சாரம் அற்ற பின்னரும் நிலைத்திருக்கும். தாய்ப்பலகை எரிந்தாலும் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பூட்டிப் பெரும்பாலும் படித்துவிடலாம். நின்ற கணத்தில் எழுதிக்கொண்டிருந்த சில வரிகள் போகக்கூடும். சிலவேளை திறந்திருந்த கோப்புப் பழுதுறவுங் கூடும். வன்தட்டிலிருந்தே 'டக், டக்' என்னும் ஓசை எழுமாயின் மட்டும் கதை வேறு. அப்போது அதனை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தல் ஆகாது.

இனி, பொத்தானை அழுத்தும்போது நிகழ்வது யாது? பழைய கணினிகளில் ஆளியை அழுத்தினால் மின்னோட்டம் நேரே சென்றது. விளக்கின் ஆளி போன்றதே அது. 1995 இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ் என்னும் அமைப்பு வந்தபின் இம்முறை மாறியது. இன்றைய கணினியின் பொத்தான் ஒரு வேண்டுகோளை மாத்திரமே விடுக்கின்றது. சுவரில் ஆளி திறந்திருக்கும்வரை, கணினி உறங்கும்போதும் மின்வலு வழங்கி 5 வோல்ற்று மின்னழுத்தத்தைத் தாய்ப்பலகைக்கு இடையறாது ஈந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகை வழங்கிக்கு ஆணையிடும்; வழங்கி 12, 5, 3.3 வோல்ற்றுக்களை எழுப்பி, அவை செம்மையாயின என்பதற்கு ஓர் அறிகுறியைத் திருப்பி அனுப்பும். ஏறத்தாழ அரை விநாடிக்குள் அவ்வறிகுறி வருதல் வேண்டும். வராவிடின் கணினி தொடங்காது. எங்கேனும் குறுஞ்சுற்று ஏற்பட்டு மின்னோட்டம் மிகுமாயின், வழங்கி தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். ஆகவே, நின்றுபோதல் பலவேளைகளில் நோயன்று, காவலே.

இதனை அறிந்தபின் குறிகளை நோக்குதல் எளிது. பொத்தானை அழுத்தியும் ஒரு சிறு விளக்கோ ஓசையோ இல்லையாயின், மின்சாரம் உள்ளே வரவில்லை என முதற்கண் ஐயுறுக. சுவர்க் குதையில் மேசைவிளக்கொன்றைச் செருகிப் பார்க்கலாம். சதுரக் கால்களையுடைய 13 அம்பியர்ச் செருகியினுள் சிறியதோர் உருகி உண்டு, அது போயிருக்கக்கூடும். கணினியின் பின்புறத்தே வழங்கியில் தனி ஆளியொன்று இருப்பதையும் பலர் அறியார். கூட்டித் துடைக்கும்போது கைபட்டு அது மூடப்படுவதுண்டு. எம்மூர்களில் யூ.பி.எஸ் மற்றொரு காரணம். அதன் பற்றறி முதுமையடைந்ததாயின், மின்சாரம் ஒரு கணம் தளம்பினும் அது கணினியைக் கைவிட்டுத் தானும் எழாது கிடக்கும். அதனை விலக்கிக் கணினியை நேரே சுவரிற் செருகிப் பார்த்தால் ஐயம் தீரும்.

மின்சாரம் வந்தும் பொத்தானுக்கு மறுமொழி இல்லையாயின், சுவரிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தல் வேண்டும். உள்ளே தேங்கிய மின்னேற்றம் இதனால் வடிந்துபோகும். காவலுக்காக அடைத்துக்கொண்ட வழங்கியும் மீளத் திறந்துகொள்ளும். சிறிது நேரங் கழித்துச் செருகிப் பார்த்தால் சில கணினிகள் ஒன்றும் நடவாததுபோல் எழுந்துவிடுகின்றன. காசு செலவில்லாத வைத்தியம் இதுவே.

சற்றுநேரம் ஆறவிட்டபின் தொடங்கி, மீண்டும் நிற்கும் கணினிக்குக் காரணம் பெரும்பாலும் வெப்பம். செயலியானது தன் வெப்பத்தைத் தானே அளந்துகொள்ளும். மிகுந்தால் வேகத்தைக் குறைக்கும். ஏறத்தாழ 100 பாகை செல்சியசை அடையுமாயின் கணினியை நிறுத்திவிடும். விசிறியிலும் வெப்பந் தணிக்கும் உலோகத் தகடுகளிலும் படிந்த புழுதியை மென்மையான தூரிகையாற் போக்குதல் முதலாவது பணி. செயலிக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய பசை உலர்ந்திருப்பின் புதிது பூசுதல் வேண்டும். நம் ஊர்ச் செம்மண் புழுதியும் கோடை வெயிலும் இவ்வகையிற் செய்யும் தீங்கு சிறிதன்று.

விசிறிகள் சுழன்றும் திரையில் ஒன்றும் தோன்றாவிடின், திரைக்குரிய கம்பியைச் சரிபார்த்தபின் நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைத் துடைத்து மீளச் செருகுக. 'பீப்' எனும் ஓசை எழுமாயின் அதன் எண்ணிக்கை பழுதான உறுப்பைச் சுட்டும். அக்குறியீடு கணினிக்குக் கணினி வேறுபடும். நாணயம் போன்ற 3 வோல்ற்றுப் பற்றறியைக் கடைக்காரர் அடிக்கடி குறை கூறுவர். அது தளர்ந்தால் நாளும் நேரமும் பிழைக்கும். கணினி எழாதிருத்தல் அரிது.

எமது கணினி இவற்றுள் எதுவுமன்று. விசிறி காற்சுற்றுச் சுற்றி நிற்குமாயின் காரணம் இரண்டிலொன்று: ஏதோ ஓர் உறுப்பு மின்னோட்டத்தை மிகையாக இழுக்கின்றது, அல்லது வழங்கியே வலுவிழந்தது. என் மாணவர் கம்பியைக் கழற்றி, பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிவிட்டு, வன்தட்டு முதலிய உறுப்புக்களை ஒவ்வொன்றாக விலக்கி, ஒவ்வொரு முறையும் இயக்கிப் பார்த்தார். நிலை மாறவில்லை. பின்னர் ஆய்வுகூடத்திலிருந்த அதே வகைக் கணினியின் மின்வலு வழங்கியை இரவலாகப் பெற்றுப் பூட்டினார். பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது. மாணவர் இருவரும் கைதட்டினர். யான் கதிரையில் அமர்ந்துவிட்டேன். தாய்ப்பலகைக்கு ஒரு குறையும் இல்லை.

பழைய வழங்கியின் விசிறி புழுதியால் இறுகிச் சுழலாதிருந்ததைப் பின்னர் கண்டோம். வெப்பம் வெளியேற வழியின்றி நாட்பட நாட்பட அதன் உள்ளுறுப்புக்கள் நலிந்திருந்தன. இரு கிழமைகளுக்கு முன்பே நண்பகலில் ஒருமுறை கணினி நின்று, அரைமணி கழித்து எழுந்தது இப்போது எம் நினைவுக்கு வந்தது. அதனை மின்வெட்டு என்றே எண்ணியிருந்தோம். பெட்டியின் பின்புறத்தில் மூடி இழந்த ஒரு துளை வழியாகப் பல்லி புகுந்து இட்ட முட்டைகள் இரண்டும் உள்ளே இருந்தன. பழுதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் மாணவர் சகுனம் பார்க்கத் தொடங்கிவிட்டனர்.

ஓர் எச்சரிக்கை. மின்வலு வழங்கியை மாற்றலாம். அதன் பெட்டியைத் திறத்தல் ஆகாது. 230 வோல்ற்று மின்சாரம் அதனுள்ளே ஏறத்தாழ 325 வோல்ற்றாகக் கொள்ளளவிகளிற் சேமிக்கப்படுகின்றது. கம்பியைக் கழற்றிய பின்னரும் அது சிறிதுநேரம் தங்கியிருந்து உயிருக்கு ஊறு செய்யவல்லது. பெட்டி வெப்பமாயிருக்கின்றதென்று அதனைத் திறந்து எண்ணெயிட முனைவாரைத் தடுக்க. தாய்ப்பலகையிலுள்ள சிறு கொள்ளளவிகளைக் கண்ணாற் பார்ப்பதில் இடரில்லை. அவற்றின் தலை தட்டையாக இருத்தல் வேண்டும். புடைத்தோ கபில நிற நீர் கசிந்தோ இருப்பின் தாய்ப்பலகையின் நாள் எண்ணப்படுகின்றது. 2000 ஆம் ஆண்டை அடுத்துவந்த சில ஆண்டுகளிற் செய்யப்பட்ட கணினிகள் பல இக்குறையினாலேயே அழிந்தன.

புதிய வழங்கி பூட்டப்பட்டது. பல்லி புகுந்த துளையும் அடைக்கப்பட்டது. பெயர்ப்பட்டியல் அன்று மாலையே இரு பிரதிகளாக எடுக்கப்பட்டு, ஒன்று அதிபரின் இரும்பு அலுமாரியிலும் மற்றது என் வீட்டிலும் இருக்கின்றது. மூன்றாம் பதிவேட்டிற் கறையான் அரித்த பக்கங்கள் சில மாத்திரம் இன்னும் ஏற்றப்படவில்லை. தம் பெயரோ தம் தந்தையார் பெயரோ இப்பட்டியலில் இல்லையெனக் காணும் அன்பர், சேர்ந்த ஆண்டையும் வகுப்பையும் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினால் அவற்றைச் சேர்த்துக்கொள்வோம்.