தண்டவாளம் இட்டவர் பாட்டு

ஊர் விட்டு ஊர் பெயரும் குடும்பங்களின் சாமான்களை நிறுத்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது புகைவண்டி இலாகாவில் நம் போன்றோருக்கு வழக்கமான அலுவல். பெட்டி, படுக்கை, பாத்திர மூட்டை யாவும் தராசில் ஏறும், பதிவேட்டிலும் ஏறும். ஆனால் அக்குடும்பத்துப் பாட்டியார் அறிந்த தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் எடையும் இல்லை, பதிவும் இல்லை. பதிவில்லாத பொருள் காணாமற்போயின் அதனைத் தேடுவாரும் இரார். அத்தகைய பொருளைத் தேடிப் புறப்பட்ட ஓர் இசைக்குழுவைப் பற்றியும், அத்தேட்டத்திற்குக் கல்விச்சாலைகள் துணை நிற்கும் வகையைப் பற்றியும் நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்க நாட்டில் இயங்கும் அக்குழுவின் பெயர் 'சில்க்ரோட்'. பட்டுப்பாதை என்பது அதன் பொருள். பாரிஸ் நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறிய செல்லோ வாத்திய மேதை யோ-யோ மா அவர்கள் 1998 ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தார். சீன நாட்டு நரம்புக் கருவியாகிய பிபாவை வாசிக்கும் வூ மான் என்ற அம்மையாரும், நம் பாட்னாவிற் பிறந்த தபேலா வித்துவான் சந்தீப் தாஸும் இக்குழுவிற் புகழ் பெற்றவர்கள். 2005 ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, மேடைக் கச்சேரியோடு நில்லாது, மாணவர்களிடையேயும் இக்குழு பணிபுரியலாயிற்று. 2020 ஆம் ஆண்டில், பான்ஜோ வாசிப்பிலும் பாட்டிலும் வல்ல ரியானன் கிடன்ஸ் அம்மையார் இதன் கலைத் தலைமையை ஏற்றார். அவர் எடுத்துக்கொண்ட பெருமுயற்சியே 'அமெரிக்க இருப்புப்பாதை' என்பது. அப்பாதைகளை அமைத்த தொழிலாளர் யாவர், அவர்கள் எவ்விசையைக் கொண்டுவந்தனர் என்பதே அதன் பொருள். 2023 இல் ஊர் ஊராகச் சென்று இவ்விசையை நிகழ்த்திய குழு, 2024 இல் அதனை இசைத்தட்டாகவும் வெளியிட்டது.

இருப்புப்பாதை என்றதும் நம் செவி நிமிர்வது இயல்பே. அமெரிக்கக் கண்டத்தின் இரு கரைகளையும் இணைக்கும் பாதையின் கடைசி ஆணி, யூட்டா பிரதேசத்தில் 1869 மே 10 ஆம் நாள் அறையப்பட்டது. கிழக்கிலிருந்து வந்த பாதையில் அயர்லாந்திலிருந்து குடியேறியவர் பலர் உழைத்தனர். மேற்கிலிருந்து சென்ற சென்ட்ரல் பசிபிக் பாதையிலோ, உழைத்தவருள் மிகப் பெரும்பாலோர் சீனர். சியரா நெவாடா மலையின் கருங்கற் பாறைகளைக் கையுளியாலும் வெடிமருந்தாலும் பிளந்து, பனிச் சரிவுகளில் மாண்டு, வழி சமைத்தவர்கள் அவர்களே. வெள்ளையருக்கு ஒப்பான ஊதியம் வேண்டி 1867 ஜூன் மாதத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கம்பெனியார் உணவு வருவதைத் தடுத்துப் பணியவைத்தனர். பாதை முடிந்தபின், 1882 இல், சீனத் தொழிலாளர் அந்நாட்டினுள் வருவதற்கே தடைச்சட்டம் பிறந்தது.

அக்கம்பெனியின் தலைவராக இருந்த லேலண்டு ஸ்டான்ஃபோர்டும் அவர் மனைவியாரும் நிறுவியதே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அப்பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளரே 2012 முதல் இச்சீனத் தொழிலாளரின் வரலாற்றைத் தேடத் தலைப்பட்டனர். சம்பளப் பட்டியல்கள் கிடைத்தன. அவர்கள் உண்ட கிண்ணங்களின் உடைசல்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. ஆனால் ஆயிரமாயிரம் பேருள் ஒருவர் எழுதிய ஒரு கடிதமேனும், நாட்குறிப்பேனும் அவர்களுக்கு அகப்படவில்லை. கணக்கு எஞ்சியது, குரல் எஞ்சவில்லை.

இதற்கு எதிராக மற்றோர் இடத்தைக் காண்க. வட கரோலினா மாநிலத்தில் ஸ்வானநோவா என்னும் மலைக் குகைப்பாதை 1879 இல் திறக்கப்பட்டது. அதனைக் குடைந்தவர் கைதிகள். அவருட் பெரும்பாலோர் கறுப்பு மக்கள். இடிபாடுகளில் மாண்டவருள் பலருக்குப் பெயரெழுதிய கல்லும் இல்லை. எனினும், சம்மட்டி வீச்சுக்கு இசைய அவர்கள் பாடிய பாட்டு வாய்வழியே பிழைத்தது; பிற்காலத்தில் ஏட்டிலும் ஏறியது. அப்பாட்டினைத்தான் கிடன்ஸ் அம்மையார் குழுவினரோடு மேடையிற் பாடிவருகிறார். பெயரற்றுப் புதையுண்டவர்க்கு அப்பாட்டே நினைவுச் சின்னமாயிற்று.

கல்லூரிக்கும் இசைக்குழுவிற்கும் உள்ள உறவின் பயன் இவ்விரண்டு செய்திகளாலும் புலப்படும். கல்லூரி தேடும், சரிபார்க்கும், எழுதிவைக்கும். இசைக்குழு அதற்கு உயிர் கொடுத்து மக்கள் செவியிற் சேர்க்கும். இவ்வுறவு புதிதும் அன்று. நியூயார்க்கில் இருந்த தேசிய இசைக் கல்லூரிக்கு 1892 இல் தலைவராக வந்தவர், பொஹீமிய நாட்டு இசைப் புலவர் த்வோர்ஷாக். புகைவண்டி எஞ்சின்களைக் காண்பதற்கென்றே நிலையங்களுக்குச் செல்லும் வழக்கமுடையவர் என்பதால் நம் இலாகாவினர் அவரிடம் தனி அன்பு பாராட்டலாம்! அக்கல்லூரியில் ஹாரி பர்லி என்னும் கறுப்பு மாணவர் பயின்றார். அடிமையாயிருந்து விடுபட்ட தம் பாட்டனாரிடம் கேட்டறிந்த பக்திப் பாடல்களை அவர் த்வோர்ஷாக்குக்குப் பாடிக் காட்டினார். அப்பாடல்களின் சாயல் படிந்த 'புதிய உலகம்' என்னும் பேரிசையை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவினர் 1893 டிசம்பரில் அரங்கேற்றினர். பாட்டனார் பாடினார், பேரன் கேட்டான், ஆசிரியர் வினவினார், உலகம் கேட்டது. இடையில் ஒருவர் வாளாவிருந்திருப்பினும் அச்சங்கிலி அறுந்திருக்கும்.

இனி நம்மவரைப் பற்றி எண்ணுவோம். சீனர் உழைத்ததைப் போன்றே, தமிழர் உயிர் கொடுத்த இருப்புப்பாதையும் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1942-43 இல், ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் பாதை அமைத்தனர். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அதற்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் காலராவுக்கும் பசிக்கும் இரையாகி மீளாதொழிந்தனர். அவர்களை எண்ணித் தோட்டத்துப் பெண்டிர் அழுத ஒப்பாரிகளுள் எத்தனை ஏட்டில் ஏறின?

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. நாம் வாழும் இருப்புப்பாதைக் குடியிருப்பில், தண்டவாளக் காவல் பணியில் இருந்த ஒருவரின் மனைவியார், திருமண வீடுகளில் தஞ்சை நாட்டு நடவுப் பாட்டொன்றை முழுமையாகப் பாடுவார். சென்ற தை மாதத்தில் அம்மூதாட்டி காலமானார். பதினாறாம் நாள் கூடிய உறவினர் அப்பாட்டை எடுத்தனர். இரண்டு அடிகளுக்கு மேல் எவருக்கும் வரவில்லை. அவர் பேத்தி கல்லூரி மாணவி. இந்தியில் இனிது பாடுபவள். அவளும் அவ்விரண்டு அடிகளோடு நின்றாள்.

ஆதலின் நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகளுட் பலர் கல்லூரிகளிற் பயில்கின்றனர்; கைப்பேசி இல்லாத வீடும் அரிது. வரும் விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் ஒரு முதியவரை அணுகி, அவர் அறிந்த பாட்டொன்றைப் பதிவு செய்துகொள்க. பாடியவர் பெயர், பிறந்த ஊர், புறப்பட்ட ஆண்டு, செய்த தொழில், அப்பாட்டை எவரிடம் கற்றார் என்பன யாவும் உடன் எழுதப்பெறுதல் வேண்டும். பாட்டு வாழ்ந்து பாடியவர் பெயர் மறைவது நீதியன்று. சங்கத்து வாத்தியக் குழுவினர் அவற்றுட் சிலவற்றை ஆண்டு விழாவில் இசைப்பாராயின், பாடிய முதியோர் முன்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். செலவு ஒரு குறிப்பேட்டின் விலையே. எண்பது வயது கடந்தோர் இல்லங்களிலிருந்து இப்பணியைத் தொடங்குமாறு செயலாளரை வேண்டிக்கொள்கிறோம்.